பம்பாய்க் கர்ப்பிணிகளின் ரத்தசோகை: லூசி வில்ஸ் கண்ட விடை, ஒரு நிகழ்வு ஆய்வு

1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடுமையான ரத்தசோகை ஒன்று வந்தது. உடல் வெளிறும், கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், நாக்கு வழவழப்பாகச் சிவந்து காரம் பட்டாலே எரியும். இரும்புச்சத்து கொடுத்தும் இவர்களுடைய ரத்தம் ஊறவில்லை. பிரசவத்தைத் தாங்க முடியாமல் இறந்தவர்கள் இருந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் குழந்தை பிறந்த சில மாதங்களில் தாமாகவே தேறி, அடுத்த கர்ப்பத்தில் மறுபடியும் அதே நிலைக்கு வந்தார்கள். இந்த நோய்க்கு அன்றைய மருத்துவ நூல்கள் கர்ப்பகாலக் கொடிய ரத்தசோகை என்று பெயரிட்டிருந்தன. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காரணத்தைத் தேடிப்போன கதையை இங்கே விரிவாகப் பார்ப்பதற்கு ஒரு நோக்கம் உண்டு. ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து என்று முடித்துவிடுகிற நம் பழக்கம் எவ்வளவு குறைபட்டது என்பதையும், ரத்தத்தின் சிவப்பும் நோய் எதிர்ப்பாற்றலும் ஒரே எலும்பு மஜ்ஜையில் ஒரே சத்துகளை நம்பி உருவாகின்றன என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

மார்கரெட் பால்ஃபர் இந்தியாவில் பெண்களுக்கான மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த மருத்துவர். பிரசவகால மரணங்களைப் பற்றி அப்போது நடந்துவந்த விசாரணையில் சேரும்படி அவர் விடுத்த அழைப்பை ஏற்று, 1928இல் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் பணம் கொடுத்தது; இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி அது. ஆய்வுக்கு இடம் கொடுத்தது பம்பாயிலுள்ள ஹாஃப்கின் மருத்துவ ஆய்வு நிறுவனம். வில்ஸ் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, பிறகு லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் மருத்துவம் முடித்து, ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்கூறு வேதியியல் பிரிவில் பணியாற்றியவர். அப்போது அவருக்கு வயது நாற்பது.

நோய்க்கிருமி ஆய்வின் பொற்காலம் முடிந்து சிறிது காலமே ஆகியிருந்தது. எந்த நோய்க்கும் முதலில் கிருமியைத் தேடுவதே வழக்கம் என்பதால், வில்ஸும் தொற்று ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்தார். அந்தத் தேடலில் விடை கிடைக்கவில்லை. அதன்பின் சகுந்தலா தல்படே என்பவருடன் சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்விடச் சுகாதாரத்தையும் கணக்கெடுத்தார். பல பிரிவுப் பெண்களின் உணவையும் ஒப்பிட்டபோது, உணவு மிகவும் வறண்டிருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே இந்த ரத்தசோகையும் மிகுதியாக இருந்தது தெரிந்தது. கீரை, காய், பழம், பால், இறைச்சி எதுவும் போதாத தட்டு. அதன்மேல் வயிற்றில் வளரும் குழந்தை. நோயாளியின் ரத்தத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் அவள் வீட்டு அடுப்பையும் பார்த்தது இந்த ஆய்வின் முதல் திருப்பம்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

1929இல் வில்ஸ் நீலகிரியிலுள்ள குன்னூருக்கு வந்தார். வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் அங்கிருந்தது. அதன் வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் இந்திய உணவுகளின் சத்தை எலிகளில் சோதித்துவந்தார். அந்தச் சத்துணவு ஆய்வகமே பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. 1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பலகை இருந்தாலும், திருவல்லிக்கேணிக்காரர்கள் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் மருத்துவர் முன் வராத பெண்களுக்காக 1885இல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். இந்த ஆய்வு பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்காகச் செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பம்பாய் முஸ்லிம் பெண்களின் உணவைப் போன்றே தயாரித்த உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது, கருவுற்ற எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. பல எலிகள் குட்டி போடுமுன்பே இறந்தன. உணவுடன் ஈஸ்ட் சேர்த்தபோது ரத்தசோகை தடுக்கப்பட்டது. ஆனால் எலிச் சோதனை களங்கப்பட்டிருந்தது. எலிகளின் பேன் மூலம் பரவும் பார்டொனெல்லா என்னும் கிருமித் தொற்றும் அவற்றின் ரத்தத்தைக் குறைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. ஆகவே ரீசஸ் குரங்குகளில் சோதனை திரும்பச் செய்யப்பட்டது. அதே வறட்டு உணவில் வைத்து ரத்தம் குறைந்து சோர்ந்த குரங்கு, ஈஸ்ட் சாறு கொடுத்ததும் வியக்கத்தக்க விதமாகத் தேறியது. எலியில் விடை கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றிருந்தால், பேன் தொற்று வெளிப்பட்ட அன்றே இந்தக் கருத்து முழுவதும் தூக்கியெறியப்பட்டிருக்கும்.

ஈஸ்ட் சாறு என்பது மார்மைட். பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டைத் தானாகவே சிதையவிட்டு, உப்புச் சேர்த்துச் சுண்டவைத்த கரும்பழுப்புப் பசை. கீல் போல ஒட்டும், உப்புக் கரிக்கும். இங்கிலாந்தில் 1902 முதல் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான பண்டம். 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள், கர்ப்பத்தோடு தொடர்பில்லாமல் வரும் கொடிய ரத்தசோகைக்குத் தினமும் அரைப் பவுண்டு ஈரல் தின்னக் கொடுத்து உயிர் காப்பாற்றியிருந்தார்கள். ஆனால் பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டில் தினமும் அரைப் பவுண்டு ஈரலுக்கு எங்கே போவது? சைவ உணவு உண்ணும் பெண்ணுக்கு அதை எப்படிக் கொடுப்பது? மார்மைட்டில் அந்த இரண்டு தடைகளும் இல்லை. நாளொன்றுக்குச் சில தேக்கரண்டி போதுமாயிருந்தது.

கண்ணாடித் தகட்டில் தெரிந்தது

இந்த நோயாளியின் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இரும்புச்சத்துக் குறைவிலிருந்து அது எவ்வளவு வேறுபட்டது என்பது உடனே தெரியும். இரும்பு குறைந்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிப்போய்க் காணப்படும். இங்கேயோ சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், ஒவ்வொன்றும் அளவில் பெருத்தும், முட்டை வடிவம் கொண்டும் இருக்கும். இன்றைய அளவுகோலில் சொன்னால், ஒரு சிவப்பணுவின் சராசரிக் கன அளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டருக்குள் இருக்க வேண்டும். இவர்களுக்கு அது 100ஐத் தாண்டியிருக்கும். அருகிலுள்ள வெள்ளையணுவைப் பார்த்தாலும் ஒரு குறி கிடைக்கும். பொதுவாக மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும் நியூட்ரோஃபில் அணுவின் உட்கரு, இங்கே ஐந்து, ஆறு மடல்களாகச் சிதறி நிற்கும்.

மார்மைட் கொடுத்த மூன்றாம், நான்காம் நாளிலேயே நோயாளிகளுக்குப் பசி திரும்பியது. அதையொட்டி ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் திடீரென்று பெருகின. நலமாக இருப்பவரின் ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இருக்கும் இவை, முடங்கியிருந்த மஜ்ஜை மீண்டும் வேலையைத் தொடங்கியதற்கு நேரடிச் சான்று. பின்பு சிவப்பணு எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் ஏறின. இந்த முடிவுகளை வில்ஸ் 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். மானெக் மேத்தாவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தன. ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பெயரறியாப் பொருளைப் பின்வந்தவர்கள் வில்ஸ் காரணி என்றே குறித்தார்கள்.

இதற்குப் பின் அவர் செய்த வேலைதான், என் மதிப்பீட்டில், அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு. ஈரலும் குணப்படுத்துகிறது, ஈஸ்ட்டும் குணப்படுத்துகிறது என்றால் இரண்டிலும் இருப்பது ஒரே பொருள்தான் என்று முடிவுகட்டுவது எளிது. வில்ஸ் அப்படிச் செய்யவில்லை. கொடிய ரத்தசோகைக்கு நல்ல பலன் தந்துவந்த, சுத்திகரிக்கப்பட்ட ஈரல் சாற்றைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அது பலிக்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு பலித்தது. 1937-38இல் மீண்டும் இந்தியா வந்து செய்த ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. ஆக, ஈரலில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. சுத்திகரிக்கும்போது அவற்றில் ஒன்று போய்விடுகிறது. போய்விட்ட அந்த ஒன்றே பம்பாய்ப் பெண்களுக்குத் தேவைப்பட்டது. இன்று நாம் அறிந்ததைக் கொண்டு பார்த்தால் இது அப்பட்டமாகப் பொருந்துகிறது. ஈஸ்ட்டில் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து நிறைய உண்டு, பி12 என்னும் இன்னோர் உயிர்ச்சத்து இயல்பாக அதில் இல்லை. சுத்திகரித்த ஈரல் சாற்றில் பி12 இருந்தது, ஃபோலேட் நீங்கியிருந்தது. இரண்டு உயிர்ச்சத்துகளில் ஒன்றைக்கூட யாரும் பிரித்தெடுத்திராத காலத்தில், அவை இரண்டும் வேறுவேறு என்பதை நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே அவர் நிறுவிவிட்டார்.

பொருளுக்குப் பெயர் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1941இல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து மிகச் சிறிய அளவு அமிலத்தைப் பிரித்தெடுத்தவர்கள் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் சூட்டினார்கள். 1945இல் லெடர்லி ஆய்வகம் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குடல் உணவிலுள்ள ஃபோலேட்டை உறிஞ்ச முடியாமல் போகும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். தாமும் அதே நோயில் விழுந்து எழுந்தவர். பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது அதற்கும் பிறகு, 1948இல்.

மஜ்ஜைக்கு ஏன் இவ்வளவு தேவை

நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ இருபது லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டு பத்து நாள்கூடத் தாங்காது. நியூட்ரோஃபிலின் ஆயுள் அதைவிடவும் குறைவு. ஆகவே இவை அனைத்தையும் ஓயாமல் புதிதாக உண்டாக்கியே தீர வேண்டும். ஓர் அணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அந்த நகலுக்கு வேண்டிய நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைத் தயாரிக்க ஃபோலேட் இன்றியமையாதது. ஃபோலேட் தன் வேலையைச் செய்துவிட்டு மீண்டும் பயன்படும் நிலைக்குத் திரும்பப் பி12 வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் டி.என்.ஏ. நகலெடுப்பு தேங்கும், அணுவின் உடல் வளர்ந்துகொண்டே போகும், உட்கரு பின்தங்கும், பிரிவு நடக்காது. பெருத்த சிவப்பணுக்களின் ரகசியம் இதுதான். அவற்றில் பெரும்பகுதி மஜ்ஜையை விட்டு வெளியே வருமுன்பே அழிந்துபோகின்றன. இரும்பின் வேலை வேறு: அது ஹீமோகுளோபினின் நடுவில் ஆக்சிஜனைப் பிடிக்கும் உலோகம். அது குறைந்தால் அணு பிரியும், ஆனால் நிரப்ப ஹீமோகுளோபின் இருக்காது, ஆகவே சிறுத்துப்போகும்.

இதே மஜ்ஜையில்தான் வெள்ளையணுக்களும் பிறக்கின்றன. ஃபோலேட் குறைவு முற்றினால் சிவப்பணுவோடு வெள்ளையணுவும் ரத்தத்தட்டும் சேர்ந்து குறைவதை மருத்துவமனைகளில் இன்றும் காண்கிறோம். ரத்தப்புற்றுநோயோ என்று குடும்பமே கதிகலங்கிப் போகும் அளவுக்கு எண்ணிக்கை விழுந்துவிடும். மேலும் ஒரு கிருமி உள்ளே வந்ததும், அதை அடையாளம் காணும் லிம்ஃபோசைட் அணு தன்னைப் போலப் பல்லாயிரம் அணுக்களைச் சில நாள்களுக்குள் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கத்துக்கும் டி.என்.ஏ. நகல் வேண்டும், ஃபோலேட் வேண்டும். இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. சுப்பாராவின் ஆய்வகம் ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற பொருளையும் உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப்புற்றுநோய் கொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிக முன்னேற்றம் கண்டார். கட்டுமீறிப் பெருகும் வெள்ளையணுக்கள் ஃபோலேட் இல்லாமல் திணறின. அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட், தன் உடலையே தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்க இன்று முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

கர்ப்பத்தில் ஏன் இந்தக் குறைவு வெடிக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். தாயின் ரத்த அளவு பெருகுகிறது, நஞ்சுக்கொடி வளர்கிறது, குழந்தையின் ஒவ்வோர் உறுப்பும் அணுப்பிரிவால் உருவாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, சாதாரணப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 220 மைக்ரோகிராம் ஃபோலேட் போதும். கர்ப்பிணிக்கு 570 வேண்டும். பி12 ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். ஃபோலேட் சேமிப்போ சில மாதங்களில் தீர்ந்துவிடும். அரை வயிற்றோடு கருவுற்றவளுக்கு ஏழாம் மாதம் தாண்டுமுன் கையிருப்பு காலியாவது இதனால்தான்.

நம் ஊர்ச் சத்து மாத்திரை

1970இல் இந்தியா தொடங்கிய ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. குறைந்தது 180 நாள் தொடர வேண்டும், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம். மலம் கறுப்பாவது இரும்பால்தான், அதில் ஆபத்தில்லை. சாப்பாட்டுக்குப் பின் படுக்கப்போகும் நேரத்தில் போட்டுக்கொண்டால் குமட்டலும் குறையும் என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் பொறுமையாக எடுத்துச் சொல்லும் இடங்களில் மாத்திரை உள்ளே போகிறது. மாத்திரையோடு டீ குடிப்பது இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உதவும். ஃபோலேட்டைப் பொறுத்தவரை பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கீரைகள் யாவும் நல்லவை. ஆனால் அது நீரில் கரைவது, சூட்டில் அழிவது. ஆகவே கீரையை நெடுநேரம் வேகவிட்டு நீரை வடித்துக் கொட்டுவது சத்தைக் கொட்டுவதற்குச் சமம்.

இவ்வளவுக்கும் பிறகு, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் ரத்தசோகையோடு இருந்தார்கள். மாத்திரை உள்ளே போகாதது ஒரு காரணம். வேறு சத்து குறைந்திருப்பதைக் கவனிக்காதது இன்னொரு காரணம். இரும்பும் ஃபோலேட்டும் ஒருசேரக் குறைந்தவரின் சிவப்பணுக்களில் பாதி சிறுத்தும் பாதி பெருத்தும் இருக்கும்; இயந்திரம் தரும் சராசரி அளவு இயல்பாகவே காட்டும். ரத்தத் தகட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும். பி12 விஷயம் இன்னும் அபாயமானது. பால், முட்டை, மீன், இறைச்சி அதிகம் சேர்க்காதவர்களுக்கு அது குறையும். கீரையிலும் பயறிலும் அது கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும், ஆனால் நரம்புச் சிதைவு உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். 1940களில் ஃபோலிக் அமிலம் புதிதாகக் கைக்கு வந்தபோது, கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, ஹீமோகுளோபின் ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்த மருத்துவர்கள், அதே நோயாளிகளின் கால்கள் மரத்து நடை தள்ளாடுவதையும் பார்க்க நேர்ந்தது. ஆகவே, பெருத்த சிவப்பணு தெரிந்தால் இரண்டையும் சோதித்துவிட்டோ, இரண்டையும் சேர்த்தோதான் மருத்துவம் தொடங்க வேண்டும்.

சத்து எதிர்ப்பாற்றலைத் தரும் என்பதற்காகக் கணக்கில்லாமல் கொடுப்பதும் சரியன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில், சான்சிபாரின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த சூழலில் சிறு குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வு, மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு, 2006இல் முடிவுகள் வெளியாயின. கிருமிக்கும் இரும்பு தேவை. குறைவில்லாத குழந்தைக்கு மேலும் கொடுக்கும் இரும்பு யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தத் தீவு காட்டியது.

நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கத் தொடங்கிய செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12உம் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஈஸ்ட்டிலும் ஈரலிலும் வில்ஸ் பிரித்துக்காட்டிய இரண்டு பொருள்களும் ஒரே அரிசிமணியில் சேர்ந்து வந்தது மகிழ்ச்சிக்குரியது. பி12ஐ விட்டுவிடாமல் சேர்த்தது சரியான முடிவு. ஆனால் ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் கர்ப்பிணிக்கு அதிலிருந்து கிடைக்கும் ஃபோலிக் அமிலம் 22 முதல் 38 மைக்ரோகிராம்தான். 570 என்னும் தேவைக்கு முன் இது மிகச் சிறிய பங்கு. மீதியைப் பயறும் கீரையும் அந்தச் சிவப்பு மாத்திரையும்தான் கொடுத்தாக வேண்டும்.